பேனரில் அக்கா படம்

ஜூன் மாதம் வந்துவிட்டால் டொராண்டோவில் எங்கள் தெருமுனை வங்கிக் கதவுகூட வானவில் நிறம் பூசிக்கொள்கிறது. அது பழகிவிட்டது. ஆனால் இங்கே கல்யாணம் நடந்தால் பக்கத்து வீட்டுக்கே தெரியாது என்பதுதான் இத்தனை வருடம் ஆகியும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பேனர் கிடையாதே! திண்டிவனத்தில் காதுகுத்துக்கே பஸ் ஸ்டாண்டுவரை ஃபிளெக்ஸ் நிற்கும். மாமன், மச்சான், மச்சானின் சிநேகிதன் எல்லாரும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கும்பிடுவார்கள். எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு என் முகமும் அந்த வரிசையில் சிரித்திருக்கிறது. நடுவில், பெரிதாக, ஜோடியாக நிற்கும் நாள் மட்டும் எனக்கு வராது என்று பள்ளிக்கூட நாளிலேயே தெரியும். ஆணை விரும்பும் ஆணுக்கு எந்த மண்டபம் கதவைத் திறக்கும்?

என் கணவர் டேனியல், எங்களைப் போன்றவர்கள் ஜூன் மாதம் பெருமையோடு நடத்தும் ‘பிரைட்’ ஊர்வலத்துக்கு உடம்பெல்லாம் மினுமினுப்பு பூசிக்கொண்டு வருகிற ரகம். எனக்கும் பூசிவிடப் பார்ப்பார். அதில் எனக்கு வெட்கமில்லை. அது என் அலங்காரம் இல்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை, எங்கள் ஊர் பேனரைப் பிடித்துக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

கூடப் படித்த முருகன் திண்டிவனத்தில் ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். எங்கள் விஷயமும் தெரிந்தவன். ரோஜாப் பூ ஓரம், மஞ்சள் எழுத்தில் ‘வருக வருக’, நடுவே நாங்கள் இருவர் என்று சொல்லியனுப்பினேன். குடும்பத்து ஆள் ஒருத்தர்கூட இல்லாத பேனரை அவன் வாழ்நாளில் அடித்ததில்லை. நான்தான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, போட்டோ கேட்டு, டிசைனை விழுப்புரத்திலிருக்கும் என் அக்காவுக்கே வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டான், மகராசன்!

அப்பா அம்மா போனபின் எனக்கு ஊர் என்றால் ஜோதி அக்கா ஒருத்திதான். டேனியலைப் பற்றிச் சொன்ன அன்று, “சரி, உடம்பப் பாத்துக்கோ” என்று போனை வைத்தவள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஒரு தலைக்குனிவு வரக்கூடாது என்றுதான் அவள் படத்தைச் சேர்க்காமல் விட்டேன். போனில் அவள் பெயர் மின்னியபோது, ஊரோடு இருந்த ஒட்டும் இன்றோடு போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

“இன்னாடா இது?”

“அக்கா, இங்க ஒரு ஊர்வலம்...”

“முருகன் சொன்னான். ரெண்டு பேரும் ஜோடியா நல்லாத்தான் கீறீங்க. என் போட்டோ எங்கடா?”

“உனக்குப் பேஜாராயிடும்னுதான்க்கா...”

“எனக்கு இன்னாடா பேஜாரு? கண்டவன் கல்யாணத்துலல்லாம் பல்லக் காட்டிக்கினு நிக்கிறேன். கூடப் பொறந்தவ படம் இல்லன்னா, உனக்கு ஆருமே இல்லன்னுதான அந்த ஊருக்காரன் நெனைப்பான்?”

படக்கென்று வைத்துவிட்டாள். பின்னாலேயே பட்டுப்புடவை கட்டிய ஸ்டுடியோ படம் வந்து விழுந்தது. சின்னப் பிள்ளைபோல் தேம்பித் தேம்பி அழுதேன்.

ஊர்வலத்தன்று நானும் டேனியலும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். மேலே வட்டத்துக்குள் அக்கா. கீழே, ‘இவண்: அக்கா ஜோதி, விழுப்புரம்’. நெஞ்சு நிமிர்ந்தே நடந்தேன். நடைபாதையில் நின்ற ஒரு வெள்ளைக்கார மூதாட்டி, எந்தத் தேர்தலில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். தேர்தல் இல்லை, எங்கள் ஊரில் சந்தோஷத்தை இப்படித்தான் சொல்வோம், மேலே இருப்பது என் அக்கா என்றேன். அவர் அக்காவைக் கட்சித் தலைவி என்றே முடிவுகட்டி, “என் ஓட்டு அவருக்குத்தான்” என்று கட்டைவிரலைத் தூக்கினார். விளக்கி மாளவில்லை. ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

அந்த பேனர் இப்போது எங்கள் பால்கனியில் தெருவைப் பார்த்துத் தொங்குகிறது. அக்காவும் தனக்கொன்று அடித்து வாங்கியிருக்கிறாள். போன வாரம் வீடியோவில் பார்த்தேன். மொட்டைமாடியில் காயப்போட்ட மல்லாட்டைமேல் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்) விரித்திருந்தாள். மேலே தெரிந்தது பேனரின் வெறும் வெள்ளை முதுகு.

“மழையில சாயம் பூடும்னு திருப்பிப் போட்டுக்கீறேன்டா,” என்றாள், நான் கேட்காமலே. மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று எனக்கும் தெரியும். “சரிக்கா” என்றேன். அவள் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே, மல்லாட்டையைப் பார்த்தபடி, நாங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.