ரெம்பியாவில் எனக்கிருந்த வீடு

மலேசிய அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் பல வருஷம் செம்பனை மரங்களுக்கு நடுவில் குடியிருந்தவள். உண்மையில் இருந்தது மலாக்கா தெங்கேராவில், ஒரு துணிக்கடைக்கு மாடியில். இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல். வாடகைதான், ஆனால் என் வீடு.

புதுக்கோட்டையிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் விசாவுக்காகக் குடிநுழைவு அலுவலகம் போனோம். மனைவியின் முகவரி கணவரின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும் என்றாள் கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண். என் வீட்டுக்காரரின் ஐசியில் இருந்ததோ ரெம்பியா பக்கத்துத் தோட்டத்து முகவரி. தொழிலாளர்களுக்கான லயத்தில் அவர் பிறந்த வீடு. அந்த லயத்தை இடித்துச் செம்பனை நட்டு, அது காய்த்தும் பல காலம் ஆகிவிட்டது.

இவர் மட்டும் அப்படி இல்லை. அந்தத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள் யாருமே ஐசியை மாற்றவில்லை. ஒருவர் மெர்லிமாவில் இருப்பார், ஒருவர் ஜொகூரில் இருப்பார், அட்டையில் மட்டும் இன்னும் அடுத்தடுத்த வீடு. மாமியாரிடம் கேட்டால், வாடகை வீடு இன்றைக்கு இருக்கும் நாளைக்குப் போகும், தோட்டம்தான் நமக்கு நிலையான விலாசம் என்பார். இடித்த வீடு எப்படி அத்தை நிலைக்கும் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. புது மருமகள், அடக்கிக்கொண்டேன்.

“அதையே போட்ரு,” என்றார் இவர். “எல்லாப் பேப்பர்லயும் ஒரே அலாமாட், ஒரே விலாசம் இருக்கணும், அதான் முக்கியம். ஒன்னும் ஆவாது லா.”

போட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை விசாவைப் புதுப்பிக்கும்போதும் அதே முகவரிதான். மாற்றிவிடலாமே என்று நான் நச்சரிப்பதும், அடுத்த மாசம் பார்ப்போம் என்று இவர் சொல்வதும் எங்கள் வீட்டில் சாம்பார் மாதிரி வழக்கமாகிவிட்டது.

என்னை இவ்வளவு தூரம் கட்டிக்கொடுத்ததற்கு ஊரில் அப்பா வாங்காத பேச்சில்லை. பெண்ணைக் கண் காணாத தேசத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டான் என்று சொந்தக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அப்பாவோ, மகள் வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு எவன் கேட்டாலும் பதில் சொல்லிக்கொள்வேன் என்பார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு வழியாகத் தனியாகவே கிளம்பினார். அவருடைய வருகைப் பதிவிலும் நான் ரெம்பியா முகவரியைத்தான் போட்டேன். என் விசாவில் ஒன்றும் அவர் பதிவில் இன்னொன்றும் இருந்தால் நிறுத்திக் கேள்வி கேட்பார்களோ என்று பயம். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கென்று பார்த்து நெடுஞ்சாலையில் விபத்து. அவரை அழைத்துவர விமான நிலையத்துக்குக் கிளம்பிய நாங்கள் நடுவழியில் நின்றோம். அப்பாவின் போன் இங்கே வேலை செய்யவில்லை. விமானத்தில் கூட வந்த அலோர் காஜா குடும்பம் ஒன்று தாளில் இருந்த முகவரியைப் பார்த்து, எங்கள் வழிதான், வாங்க மாமா என்று ஏற்றிக்கொண்டது. தோட்டத்துக் கோயில் முன்னால் இறக்கிவிடச் சொல்லி, வீடு பக்கத்தில்தான் இருக்கும், நீங்கள் போங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டார். கண்டக்டர் இல்லையா, நிறுத்தத்தில் இறங்கினால் வழி தெரிந்துவிடும் என்ற தைரியம்.

செம்பனைக் குலை வெட்டுகிறவர் ஒருவரின் போனில் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. பூட்டிய கோயில் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் செம்பனை. வேட்டியெல்லாம் செம்மண். வரிசை வரிசையாக நடந்து தேடியிருக்கிறார்.

“ஏத்தா, வீடு எங்க?” என்றார்.

தெங்கேராவுக்குக் கூட்டிவந்து மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டேன். சாப்பிட்டபடியே சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். மறுநாள் காலையில் இவர் வேலைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“இது யாரு வீடுத்தா? நான் வர்றேன்னு கேட்டு வாங்கினீங்களா?”

முதலில் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. என் வீடுதான் என்று காட்ட ஒரு தாள் தேடினேன். வாடகை ஒப்பந்தம், ரசீது எல்லாம் கட்டடத்துச் சொந்தக்காரரான தவுக்கேயிடமே இருந்தன. மின்சார பில்லும் அவர் பேரில். என் விசா, கடவுச்சீட்டு, வங்கிக் கடிதம், எதை எடுத்தாலும் ரெம்பியா. காட்டக் காட்ட அப்பாவுக்குச் சந்தேகம் கூடியது. கடைசியில், சரித்தா, சரித்தா என்று தலையாட்டினார். டிக்கெட் தொலைந்துவிட்டது என்று சொல்கிற பயணிக்கு அவர் ஆட்டுகிற தலை அது. நம்பவில்லை, ஆனால் இறக்கிவிடவும் மனசு வராது.

இருந்த நாளெல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தார். ஊருக்குத் திரும்பி எல்லோரிடமும், பெண் மாடி வீட்டில் ராணி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த வருஷம் இறந்துபோனார். காரியத்துக்குப் போனபோது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“அவ காட்டுக்குள்ளதான் இருக்கா, வெளிய சொல்லிராதன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாருடி. சாகுற வரைக்கும் அதையே நெனச்சிக்கிட்டிருந்தாரு.”

எனக்கு அழக்கூட வரவில்லை. இந்த மனுஷனுக்கு ஒரு வீட்டைக் காட்ட முடியாமல் போயிற்றே என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

திரும்பி வந்ததும் இவர் தவுக்கேயிடம் கடிதம் வாங்கிவந்து ஐசியை மாற்றினார். பிறகு என் விசாவில் இருந்த முகவரியையும் மாற்றினோம். தெங்கேரா என்று பதிந்த தாளைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் அதை அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைக்கவென்று பிரிண்ட் போட்டிருக்கிறாள். இதை மாற்ற ரொம்ப அலைந்தாயா, எவ்வளவு நேரம் ஆனது என்று போனில் கேட்டாள்.

காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.