கல் வீட்டுக்கு ஸ்வெட்டர்

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அத்தானின் வேலை கதவைத் திறப்பதும் மூடுவதும்தான், நடுநடுவே கொஞ்சம் ஓட்டவும் செய்வார் என்று நான் கேலி செய்வேன். அதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். பிடிவாதம் மட்டும் மலையளவு.

அந்தப் பிடிவாதத்தில்தான் ஊர்க்கோடியில் இருந்த பழைய கல் வீட்டை வாங்கினார். இரண்டு அறை, ஒரே வாசல், முழங்கை நீளத்துக்குத் தடித்த சுவர்கள். பார்க்க அழகு, இருக்கக் குளிர். தரைக்கல்லில் கால் வைத்தால் உச்சந்தலை வரை சில்லிடும். போன குளிர்காலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு வந்த அவர் மகள், ஒரே இரவில் மூக்கடைத்துப்போய், "குழந்த பொறந்தப்புறம் இந்த வீட்டுல ஒரு ராத்திரிகூட தங்க மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. ஆனாலும் அத்தானுக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. பிறக்கப்போகும் குழந்தை தன் வீட்டில் ஒரு இரவாவது தூங்க வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

லீவு நாளெல்லாம் சுவரோடு மல்லுக்கு நின்றார். மரச்சட்டம் அடித்து, நடுவே குளிரைத் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சைத் திணித்து, மேலே பலகை வைத்து மூடினார்.

"எனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தர நேரமில்ல, வீட்டுக்குப் போட்டு அழகு பாக்குறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா பஞ்சை வெட்டிக் கொடுத்தாள். அந்தப் பஞ்சு பட்டு உடம்பெல்லாம் அரித்தது. மூவரும் சொறிந்துகொண்டே சிரித்தோம்.

பேத்தி பிறந்தாள். கொஞ்ச நாள் கழித்து மகள் போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம வரேன்ப்பா. டாக்ஸிய நிறுத்தி வச்சுட்டு, குழந்தைய காட்டிட்டுக் கெளம்பிடுவேன்."

அத்தான் "சரிம்மா" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறன்று முன்னறைத் தரை மட்டும் பாக்கி. தரைக்கல்மேல் இன்சுலேஷன் அட்டை, அதன்மேல் மரப்பலகை. காற்று அடிக்கிறதென்று கதவைச் சாத்திவிட்டு, உள்மூலையில் தொடங்கி வாசல்வரை வந்தோம். கடைசிப் பலகையைக் கதவோடு ஒட்டி இறக்கி, ஆணியும் அடித்தார்.

"பாத்தியா மச்சினி? எறும்புகூட நுழையாது!"

வெளியே கார் வந்து நின்றது. அத்தான் துள்ளி எழுந்து கதவை இழுத்தார். அசையவில்லை. நானும் அக்காவும் சேர்ந்து இழுத்தோம். அது உள்பக்கம் திறக்கும் கதவு. தரை இப்போது அதன் அடிவிளிம்பைவிட உயரத்தில் இருந்தது.

"ஆயுசு பூரா கதவு தொறந்த மனுஷன் இப்படிக் கதவ மறப்பாரா!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தான் முகம் செத்துப்போய்விட்டது. பலகையைப் பெயர்க்கக் கடப்பாரையைத் தேடினார். அதற்குள் ஜன்னலில் டக்டக்கென்று சத்தம்.

"என்னப்பா பண்றீங்க உள்ள? இங்க குளிருது!"

கம்பியில்லாத அந்த ஜன்னலைத் திறந்தோம். விஷயம் தெரிந்ததும் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு குழந்தையை அப்படியே உள்ளே நீட்டினாள். அத்தான் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பின்னாலேயே அவளும் புடவையைச் சுருட்டிப் பிடித்தபடி ஏறிக் குதித்தாள். அக்கா ஜன்னலைச் சாத்தினாள்.

மகள் செருப்பைக் கழற்றினாள். தரையில் கால் வைத்தவள், குனிந்து உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தாள். சுவரைத் தொட்டாள். குழந்தையின் குல்லாவை எடுத்தாள், ஒரு காலுறையைக் கழற்றினாள், பிறகு இன்னொன்றையும். அத்தான் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் மறுபடி ஜன்னலைத் திறந்து டாக்ஸிக்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க கெளம்புங்க. நாங்க இன்னைக்கு வரல. பின்னாடி எங்க மாத்துத்துணி வச்ச பை இருக்கு, அத மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க."

பையோடுதான் வந்திருக்கிறாள்! அத்தானுக்குக் கண் நிறைந்து வழிந்தது. அவர் துடைக்கவில்லை, கையில் பேத்தி இருந்தாள்.

"அழுதது போதும்" என்றாள் அக்கா, தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "கதவ எப்போ தொறப்பீங்க?"

"நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அத்தான். "இப்போ யாரு வெளிய போகப்போறா?"