படைக்காத கோழி

காலை 6.50. திருப்பத்தூரில் புதூர்நாடு பேருந்தில் ஏறியபோது என் பையில் வேதாகமமும் நான்கு பக்கக் குறிப்பும் இருந்தன. ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய சபைக்குப் போதகர் நான். ஆதிச்சபை வரலாறு என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைக் கிறிஸ்தவர் உண்ணலாமா என்று அந்தக் காலத்துச் சபைகள் அடித்துக்கொண்டதைப் பற்றி மட்டும் ஆறு பிரசங்கம் செய்திருக்கிறேன். அதே கேள்வி போன வாரம் கைப்பேசியில் வந்தது.

கேட்டவர் சின்னப்பையன். ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கிறவர். மூன்று வருடம் முன்பு எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் அது ஒன்றுதான். அங்கே ஒருவர் களத்தில் கதிரடிக்க ஊரே போகும். முடிந்ததும் கிடா வெட்டிச் சாமிக்குப் படைத்து, எல்லோரும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள்.

"கோவிந்தன் களத்துல விருந்துங்க ஐயா. துன்னா மனசு உறுத்துது. துன்னலன்னா நாளைக்கு என் களத்துக்கு எவன் வருவான்? நீங்களே வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

ஆறு பிரசங்கம் செய்த நான், "வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

9.15. புதூர்நாட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் ஜீப். தலைக்கு நாற்பது ரூபாய். ஓட்டுநர் என் வெள்ளைச் சட்டையைப் பார்த்து, "இன்னா பாதர், மந்திரிக்கவா?" என்றார். நான் பாதர் இல்லை, பாஸ்டர், வீட்டில் மனைவி இருக்கிறாள் என்றேன். "அப்ப சரி, முன்னாடி ஒக்காருங்க." எது சரி என்று விளங்கவில்லை, முன் இருக்கை கிடைத்தது. வழியெங்கும் தார்ச்சாலையில் கதிரோடு சாமைத் தாளைப் பரப்பியிருந்தார்கள். எங்கள் ஜீப்பும் கொஞ்சம் கதிரடித்துக் கொடுத்துவிட்டுப் போனது.

11.00. களத்தில் இருபது பேர். வைக்கோல் உதறிக்கொண்டிருந்த சின்னப்பையன் என் முகத்தைப் பார்த்தார். நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். குறிப்பில் ஒரு பக்கம் உண்ணலாம் என்றது, அடுத்த பக்கம் வேண்டாம் என்றது.

1.30. படையல் முடிந்தது. சின்னப்பையனும் அவர் மனைவி மல்லிகாவும் புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றார்கள். களத்துக்காரர் கோவிந்தன் ஒரு சட்டியோடு அவர்களிடம் வந்தார்.

"வா சின்னப்பையா. இது கோழி. உங்களுக்குன்னு தனியா ஆக்கினது. சாமிகிட்ட கொண்டும் போவல, காட்டவும் இல்ல. பாஸ்டரும் துன்னலாம்."

மல்லிகா, "ஐயா?" என்று என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். அவ்வளவு தூரம் போய் நான் செய்த ஊழியம் அதுதான்.

ஒரே பந்தி. கோவிந்தன் பக்கத்தில் சின்னப்பையன், அடுத்து நான். இந்த யோசனையை யார் சொன்னது என்று கோவிந்தனிடம் கேட்டேன்.

"எவனும் சொல்லலீங்க. மனசு ஒப்பலன்னா அவனுக்குக் கறி எப்படி எறங்கும்? பக்கத்துல அவன் வெறுஞ்சோறு துன்னா, எனக்குந்தான் எறங்காது." பிறகு சின்னப்பையனிடம் திரும்பி, "திங்கக்கெழம உன் களம். வெடிய வந்துடறோம்" என்றார்.

என் குறிப்பின் நான்காம் பக்கத்தில், நான் இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டி எழுதிய முடிவும் இதுதான்: பக்கத்தில் உண்பவனின் மனசாட்சியை மதி. ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

4.40. அதே ஜீப். "நல்லா துன்னீங்களா பாதர்?" என்றார் ஓட்டுநர். இந்த முறை நான் திருத்தவில்லை.

வரும் ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை விருந்து. கமிட்டித் தேர்தல் சண்டைக்குப் பிறகு அங்கே இரண்டு பந்தி. இந்தக் கட்சி எழுந்த பிறகுதான் அந்தக் கட்சி உட்காரும். போன வருடம் மனஸ்தாபம் வேண்டாமென்று இரண்டிலும் உட்கார்ந்து சாப்பிட்டேன். எந்தச் சாமிக்கும் படைக்காத கறி. இரண்டு தடவையும் எனக்கு நன்றாகவே இறங்கியது.