ரப்பர் பால் காய்ந்த விரல்

கோட்டாறில் ஒரு மொபைல் கடையில் நான் விற்பனைக்கு நின்ற காலம். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற ஒருவர், முந்தின நாள் என்னிடம் வாங்கிய டச் போனைப் பெட்டியோடு கொண்டுவந்தார். மெலிந்த மனிதர். பேசும்போதெல்லாம் விரல்களில் காய்ந்திருந்த ரப்பர் பாலைத் தோல்போல உரித்துக்கொண்டே இருந்தார்.

“மக்கா, நான் தொட்டா இது அசையவே மாட்டேங்கு. குவைத்துல மகளுக்குப் பிள்ள பொறந்திருக்கு, மொகம் பாக்கணும். இதையே வச்சுக்கிடவா, இல்ல அடுத்த மாடல் வரட்டும்னு இருக்கவா?”

எனக்குச் சாப்பாட்டு நேரம். போனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“ரெண்டு மாசத்துல இதவிட நல்லது வரும் அண்ணாச்சி. அதுவர பொறுங்க.”

“நீ சொன்னா சரிதான்” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

சாப்பிட்டு வந்து தொட்டுப் பார்த்தேன். போன் நன்றாகவே வேலை செய்தது. மேஜைமேல் அவர் உரித்துப் போட்ட பால்தோல் கிடந்தது. அதை என் விரலில் ஒட்டிக்கொண்டு தொட்டேன். போன் அசையவில்லை.

விரலில் காய்ந்த பாலை முழுசாக உரித்துவிட்டுத் தொடுங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், அவருக்கு இருந்த ஒரே போன் என் கையில் இருந்தது.