எலிகளை விட்டுவிட்டு வெள்ளிமலைக்கு

மூன்று மாதம் ஆய்வகத்தில் எலிகளோடு இருந்தபின், ஆவணி முதல் வாரம் நான்கு நாள் விடுப்பு கிடைத்தது. தனியாகக் கல்வராயன் மலைக்குக் கிளம்பினேன். கள்ளக்குறிச்சியில் காலை 6.40 பேருந்து. வடக்கனந்தல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வயல்கள் முடிந்து மலை ஏறத் தொடங்குகிறது. வெள்ளிமலைக்கு ஒன்றரை மணி நேரம், நாற்பது ரூபாய். (ஜன்னல் சீட்டைப் பிடித்துவிடுங்கள்.)

அங்கே ஒரு நாளைக்கு 1,800 ரூபாய்க்கு ஜீப் பேசினேன். ஓட்டுநர் ஏழுமலைக்கு நாற்பது வயது இருக்கும். சாமைக் கொல்லைகளைக் காட்டிக்கொண்டே வந்தவர், என் வேலையைப் பற்றிக் கேட்டார். ஒருவகைக் காளானில் இருக்கும், மனதை மயக்கும் பொருளை எலிகளுக்குத் துளியூண்டு கொடுத்து, மூளையில் செரோடோனின் என்ற ரசாயனம் வேலை செய்யும் இடங்களில் என்ன மாறுகிறது என்று பார்ப்பதாகச் சொன்னேன். முதலில் தலையைத் தலையைச் சிலுப்பும். பயந்து மூலையில் ஒடுங்கிக் கிடந்தவற்றில் சில, மறுநாள் வெட்டவெளிக்கு வரும்.

ஜீப்பை ஓரம் கட்டினார். அவர் மனைவி செல்வியின் தம்பி இறந்து ஏழு மாதம். அன்றிலிருந்து செல்வி வாசல் தாண்டவில்லையாம்.

"மழைக்கு இங்க காளான் மொளச்சிக்கினு கெடக்குதுங்க. எது இன்னான்னு நீங்க காட்டுனா போதும்."

நான் பெருமையாகச் சொன்ன கதை இங்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை.

"அண்ணா, எலிக்கு ஆனது அக்காவுக்கும் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. காளான் மாறிப்போனா உயிரே போயிடும். டாக்டர்கிட்ட போலாம், நானும் வரேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு அவர் வீட்டுக்குப் போனேன். செல்வி வாசற்படியில் அரை மணி நேரம் நின்றார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு தானே வந்து ஜீப்பில் ஏறினார். கள்ளக்குறிச்சி வரை என் கையை விடவில்லை. மனநல மருத்துவர் முக்கால் மணி நேரம் பேசி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்து ஏழுமலை போன் செய்தார். செல்வி இப்போது ஜீப்பில் சந்தைக்கு வருகிறாராம்.

"மாத்திரையா, பேச்சா, எது வேல செஞ்சிச்சுனு தெரியலங்க."

எனக்கும் தெரியாது என்றேன். எலிகளைப் பற்றி யார் கேட்டாலும் இப்போதெல்லாம் நமக்கு இன்னும் தெரியாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போகிறவர்களுக்கு: மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் என்றால் ஸ்வெட்டர் வேண்டும். ஏழுமலையின் ஜீப் கிடைத்தால் முன்சீட்டைக் கேட்காதீர்கள், அதில் செல்வி உட்கார்ந்திருப்பார்.