பார்க்கக் கூடாத முயல்

முயல் மூத்திரம் எப்படி நாறும் என்று வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும். காலண்டரில் முயல் படம் போடுகிறவர்கள் ஒரே ஒரு நாள் அதன் கூண்டை அள்ளியிருந்தால் வேறு ஏதாவது படம் போட்டிருப்பார்கள். கண்ணைக் கரிக்கிற நெடி. எத்தனை முறை கழுவினாலும் விரல் இடுக்கில் உட்கார்ந்திருக்கும், சோற்றைப் பிசையும்போது எழுந்து வரும். எனக்கு அப்போதும் முயல் பிடிக்காது, இப்போதும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் ஏதோ ஜீவகாருண்யத்தில் செய்தேன் என்று நினைத்துவிடுவீர்கள்.

கொண்டுவந்தது என் வீட்டுக்காரர். அவர் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். பெருமாநல்லூர்ப் பக்கம் அவருடைய சிநேகிதர் ஒருவர் முயல் பண்ணை வைத்து, வாங்க ஆளில்லாமல் நொடித்துப்போய், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முயலைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இவரும் ஒன்றைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நின்றார். வெள்ளை முயல், சிவப்புக் கண்.

"வெளையாட்டா இருக்கும்ல" என்றார்.

நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். வீரபாண்டிக்குப் போகிற வழியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே வரிசையில் ஒட்டி ஒட்டி வீடுகள், வீட்டுக்கு ஓர் அறை, எல்லோருக்கும் பொதுவாகக் கடைசியில் கக்கூஸ். குழாயில் தண்ணீர் வந்தால் அன்றைக்குத் திருவிழா. மனுஷனுக்கே மூச்சு விட இடமில்லாத இடத்தில் இவருக்கு விளையாட முயல் வேண்டியிருந்தது.

சில மாதம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், தோளுக்கும் காதுக்கும் நடுவில் செல்போனை இடுக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டிருக்கிறது. எழுந்திருக்கப் பார்த்தது, உருண்டது. மறுபடி எழுந்தது, மறுபடி உருண்டது. கூண்டின் கம்பியில் மோதி நின்றபோது காலெல்லாம் மேலே பார்த்து உதறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் "அடப் பாவமே" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார். அன்றிலிருந்து அவருடைய மெஷினுக்கு ஓய்வே இல்லை. வீட்டுக்கு வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பார், பாவம் என்பார், படுத்துக்கொள்வார்.

அரசாங்க மாட்டாஸ்பத்திரிக்கு நான்தான் ஒரு கூடையில் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் ஓர் எருமை நின்றது. டாக்டர் முயலின் காதை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்காதுல சீழ் புடிச்சிருக்குங்க. அதான் நிதானம் தப்பி உருளுது. மூணு வேளையும் மருந்து ஊத்துங்க, கீழ சாஞ்ச கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்க. ஆனா ஒண்ணுங்க, சீக்கு தீந்தாலும் தலை நேராகும்னு சொல்ல முடியாது."

ஊசி போட்ட உதவியாளர், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, "ஊசி போட்டாச்சுங்க, இனி கறிக்கு ஆகாதுங்க" என்றார்.

வந்ததே எனக்கு ஆத்திரம். "ஏன், நீங்க எலை போட்டு உக்காந்திருந்தீகளோ?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

லைனில் மட்டும் என்ன வாழ்ந்தது? எட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்று கறி என்றார்கள், இல்லையென்றால் எறி என்றார்கள். வாய் கூசாமல், அதன் முகத்துக்கு எதிரேயே சொன்னார்கள். அதனால் எனக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது. இந்தச் சவத்தை நான் பிழைக்க வைத்துக் காட்டுகிறேன், நீங்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நில்லுங்கள் என்று. பாசமெல்லாம் கிடையாது. வெறும் வீம்பு.

வீம்புக்கு நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நிற்க முடியாத முயல் தன் மூத்திரத்திலேயே படுத்துக்கிடக்கும். கீழே விரிக்க, நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியிலிருந்து வேஸ்ட் துணித் துண்டுகள் கொஞ்சம் கொண்டுவந்தேன். கலர்த் துணியை விரித்த அன்று சாயம் ஊறி, வயிறு முழுக்க ரோஸ் நிறமாகிவிட்டது. பிறகு வெள்ளை வேஸ்டாகப் பொறுக்கிக் கொண்டுவந்தேன். புழுக்கை வாலடியில் அப்பிக் களியாகக் காய்ந்து கிடக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் பிரிக்க வேண்டும். காதைத் துடைத்தால் கெட்டித் தயிர் மாதிரி சீழ் வரும். அதற்கப்புறம் ஒரு வருஷம் நான் தயிர் தொடவில்லை. கீழ்ப் பக்கத்துக் கண்ணில் பீளை ஒட்டி மூடியிருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குக் குமட்டிக்கொண்டு வரும், வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வருவேன். தலைச்சுமைக்குச் சும்மாடு கட்டுகிற மாதிரி பனியன் துணியைச் சுருட்டி வளையமாக வைத்து, நடுவில் அதை உட்கார வைத்தேன். அப்போதுதான் உருளுவது நின்றது. கீரையை அரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் உறிஞ்சி, கடைவாயில் விடுவேன். பாதியை என் மேல் துப்பும்.

"முழுங்கு சவமே, ஒனக்குச் செஞ்சு செஞ்சு எங் கையில நாத்தம் போகல" என்று திட்டிக்கொண்டேதான் ஊட்டினேன்.

அடுத்த வீட்டில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள். அந்த அம்மா ஒரு கம்பெனியில் பீஸ் அடுக்குகிற வேலைக்குப் போவார். மகன் சாயப்பட்டறையில் வேலை. மருமகள் தாராபுரத்துப் பெண், தலைச்சன் கர்ப்பம், வீட்டிலேயே இருந்தாள். மசக்கை அவளைப் பிழிந்து எடுத்துக்கொண்டிருந்தது. சோறு கொதிக்கிற ஆவி வந்தால் வாந்தி, தாளிக்கிற வாசம் வந்தால் வாந்தி, புருஷன் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றினால் வாந்தி.

முயலுக்குத் தலை சாய்ந்த செய்தி லைனில் பரவியதும் அந்த அம்மா என் வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. மாசமா இருக்கறவ கண்ணுல அது படக்கூடாதுங்க. கழுத்துக் கோணுனதப் பாத்தா வவுத்துல இருக்கறதுக்கும் கோணிக்குமுங்க."

"அது காதுச் சீக்கு பெரியம்மா. டாக்டர் சொல்லிருக்காரு."

"டாக்டருக்கு என்னங்க தெரியும்? நாளைக்குக் கொழந்தைக்கு ஒண்ணுன்னா, அவ தாராபுரத்துலயே இருந்துக்க வேண்டியதுதானுங்க. நாங்க போய்க் கூட்டியார மாட்டமுங்க."

கடைசி வாக்கியத்தை எனக்குச் சொல்லவில்லை. உள்ளே இருந்த மருமகளுக்குக் கேட்க வேண்டும் என்று, சுவரைப் பார்த்துத் திரும்பிச் சொன்னார். பிறகு இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டார். அந்த ஊர்ப் பேச்சின் மரியாதையே மரியாதை. கழுத்தை அறுக்கிறதாக இருந்தாலும் "ங்க" போட்டுத்தான் அறுப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி. நான் தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங்கில் இருந்தேன். அதுவரை சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து மத்தியான மருந்தை ஊற்றிவிட்டுப் போவேன். இனி யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வதென்று நான் வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது, சேலை மறைப்பை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வந்தாள்.

"மத்தியானத்துக்கு நான் ஊத்தட்டுங்களாக்கா?"

"ஏ புள்ள, ஒனக்கென்ன கிறுக்கா? ஒங்க அத்தை சொன்னது காதுல விழலயா?"

"பகலெல்லாம் செவுத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கறனுங்க. அதுக்கு முயலப் பாத்தா என்னங்கக்கா?" என்றாள். பிறகு மெதுவாக, "அத்தை சொல்றதெல்லாம் நெசமுங்களா?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன். "முயலப் பாத்துக் கழுத்து கோணும்னா, கழுதையப் பாத்தவளுக்கெல்லாம் புள்ளை காது நீண்டு பொறக்கணும். எல்லாம் வெறும் பேச்சு புள்ள. எனக்கு அதுல ஒரு துளி நம்பிக்கை கெடையாது."

"நீங்க சொன்னாச் சரிங்கக்கா" என்றாள். மறுநாளிலிருந்து வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் சந்தைக்குப் போயிருந்தபோது அவள் முயலைக் கவனிக்கிற விதத்தை நானே பார்த்தேன். மடியில் துணி விரித்து அதைப் படுக்கவைத்து, பஞ்சை நனைத்துக் காதுக்குள் சுற்றி எடுத்தாள். சீழ் வந்தது. நாற்றம் குப்பென்று அடித்தது. நான் வழக்கம்போல வாசலுக்கு ஓடினேன். சோற்று ஆவிக்கு வாந்தி எடுக்கிறவள், மூக்கைக்கூடச் சுளிக்காமல் அடுத்த பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றிலிருக்கிற பிள்ளை எதற்குத்தான் முகம் சுளிக்கும், எதற்குத்தான் சுளிக்காது என்று எனக்கு விளங்கவே இல்லை. அந்த முயல் எனக்கு ஒருநாளும் காட்டாத அடக்கத்தோடு அவள் மடியில் கிடந்தது.

தினமும் மத்தியானம் பல மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஜெனரேட்டர் இல்லாத கம்பெனிகளில் ஆட்களைப் பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒரு நாள் அந்த அம்மா சீக்கிரம் திரும்பி வந்திருக்கிறார். மருமகள் என் வீட்டு வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் முயலை வைத்துக் கடைவாயில் கீரை ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

சாயங்காலம் நான் போனபோது லைன் முழுக்க வாசலில் நின்றது. அந்தப் பெண் உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. என் கூண்டு திறந்து கிடந்தது, முயல் இல்லை.

"நான் கொல்லலீங்க அம்மிணி. கொல்ல மனசு வருமுங்களா? ஓடைப் பக்கம் புல்லு இருக்குதுங்க, மேஞ்சுக்கும்னு உட்டுட்டு வந்தனுங்க" என்றார் அந்த அம்மா. குரல் உயரவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆனது ஆச்சுங்க. நாளைக்கே இவள அவங்கம்மா ஊட்டுல கொண்டுபோய் உட்டர்றோம். கொழந்தை பொறக்கட்டும், கழுத்தப் பாத்துட்டு அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் என் கால் ஓடைப் பக்கம் ஓடிவிட்டது.

அங்கே புல் எங்கே இருக்கிறது? நுரைதான் இருக்கிறது. சாயப்பட்டறைகளில் என்ன கலர் ஆர்டர் ஓடுகிறது என்று அந்த ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அன்றைக்குக் கத்திரிப்பூ நிறம். கரையெல்லாம் பிளாஸ்டிக், கோழி இறகு, மனுஷன் வெளிக்கு இருந்துவிட்டுப் போனது எல்லாம் கிடந்தது. அதற்கு நடுவில் என் முயல் ஒரே இடத்தில் வட்டம் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நேராக ஓடத் தெரிந்திருந்தால் நாய் வாயில் போயிருக்கும், இல்லை தண்ணீருக்குள் போயிருக்கும். சுற்றத்தான் தெரியும் என்பதால் விட்ட இடத்திலேயே இருந்தது. ஒரு பக்கம் முழுக்கச் சாயம், காதில் சேறு, வாயோரம் நுரை. அள்ளி மாரோடு அணைத்துக்கொண்டேன். புடவையெல்லாம் அந்த நாற்றம் இறங்கியது. அந்தக் கருமத்தை முகர்ந்துகொண்டே வழி முழுக்க அழுதுகொண்டு வந்தேன். முயலுக்காக அழுதேனா, அந்தப் பெண்ணுக்காக அழுதேனா என்று தெரியவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எடுத்து அதைக் கழுவினேன். என் வீட்டுக்காரர் வந்து, "அடப் பாவமே" என்றார். "இன்னொரு தடவை பாவம்னு சொன்னீகன்னா ஒங்களையும் அந்த ஓடையிலயே கொண்டுபோய் விட்டுருவேன்" என்றேன். அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவர் கூண்டை அள்ளினார்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணைப் பஸ் ஏற்றக் கூட்டிக்கொண்டு போனார்கள். வளைகாப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. மாமியார், வாசலில் நின்ற எனக்கும் அவளுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டு நடந்து போனார்.

முயல் தேறியது. தலை பாதி சாய்ந்தே நின்றுவிட்டது, ஆனால் தானாகச் சாப்பிட்டது, கோணலாகத் தத்திப் போய் என் வீட்டுக்காரர் செருப்பைக் கடித்தது. நாற்றம் மட்டும் குறையவே இல்லை.

ஆண் குழந்தை பிறந்த செய்தி சில மாதம் கழித்து வந்தது. கம்பெனியில் கிடைத்த குட்டிப் பனியன்கள் கொஞ்சத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தாராபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. அவள் அம்மா காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழந்தை பொறந்த அன்னிக்கே அத்தை வந்தாங்கக்கா. எனக்கு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. துணிய உருவிப்போட்டு, கழுத்த இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி, கறிக்கடையில கோழியத் தூக்கிப் பாப்பாங்கல்ல, அப்பிடிப் பாத்தாங்க. அப்பறந்தான் பேரனுன்னாங்க. மூணாம் மாசம் வந்து கூட்டிக்கிட்டுப் போறமுன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சுங்கக்கா."

"தூ! அதுவும் ஒரு பொம்பளையா?" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"வந்தவங்க எல்லாரும் கழுத்தத்தான் பாக்கறாங்க. நீங்களாச்சும் மொகத்தப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே, குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கினாள்.

குனிந்து பார்த்தேன். கழுத்து நேராகத்தான் இருந்தது. அப்பாடா என்று எனக்குள் ஒரு மூச்சு இறங்கியது. இறங்கின பிறகுதான் நான் எதைப் பார்த்தேன் என்று எனக்கே உறைத்தது. நிமிர்ந்தால், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களுமாங்கக்கா?" என்றாள்.

அவள் அம்மா காப்பியோடு வந்தார். அவள் துணியை எடுத்துக் குழந்தையைக் கழுத்து வரை மூடினாள்.