பாராளுமன்றத்தில் மூன்று நிமிடம்

ஊரில் இருக்கும் நீங்கள் இதை நம்பமாட்டீர்கள். ஒஸ்லோ பாராளுமன்றக் கட்டடத்துக்குள் காப்பி எடுக்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால், முதுகில் பையும் சப்பாத்தில் சேறுமாக நின்ற ஒரு பெண் தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொண்டு, பாலை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் குழுத் தலைவரின் கதிரையில் அவர்தான் இருக்கிறார்! எங்கள் பக்கத்தில் ஒரு எம்.பி.யைப் பார்ப்பதென்றால் விடியவே போய், அவருக்கு வேண்டிய ஆளைப் பிடித்து, மனுவை இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். இங்கே இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினேன். ஒரு சட்டமூலத்தைப் பற்றிப் பேச வரச் சொல்லிவிட்டார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லும் இந்த அமர்வுக்கு ஹோரிங் என்று பெயர். யார் அனுப்பியது, எந்தக் கட்சி என்று ஒருவரும் கேட்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகக்கூடப் பட்டது.

சட்டமூலம் சாம்பலைப் பற்றியது. இறந்தவரின் சாம்பலை முழுதாக ஓரிடத்தில்தான் வைக்கலாம், அல்லது கரைக்கலாம். பிரிக்கக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். பிரிக்க விடவேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். என் மனைவி வதனி இறந்து அப்போது இரண்டு மாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டது ஒன்றுதான். "ஒரு பிள்ளை அங்கை, ஒரு பிள்ளை இஞ்சை. என்னையும் பாதி பாதியா விடுங்கோ." அங்கே என்றால் எங்கள் ஊர்த் தொண்டைமானாற்றுக் கடல். நான் அகதியாக ஒஸ்லோவுக்கு வந்து, அவளையும் மகனையும் கூப்பிட விசாவுக்குக் காத்திருந்த காலத்தில், மகன் ஏழு வயதில் காய்ச்சலோடு போய்விட்டான். அவன் சாம்பலை அந்தக் கடலில் கரைக்கும்போது பக்கத்தில் நின்றவள் அவள். பிறகு தனியே இங்கே வந்து சேர்ந்தாள். ஒஸ்லோவின் ஓரத்தில் உள்ள எல்லிங்ஸ்ருட்டுக்கு நாங்கள் குடிவந்த பிறகு மகள் தாரணி பிறந்தாள்.

பேச்சைத் தாரணிதான் நோர்வேஜிய மொழியில் ஒரு பக்கத்தில் எழுதித் தந்தாள். "அப்பா, த்ரே மினுட்டர், மூண்டு நிமிசந்தான். எழுதினதை மட்டும் வாசியுங்கோ, கனக்கக் கதையாதேங்கோ." நான் ஊரில் சனசமூக நிலையச் செயலாளராக இருந்தவன். இங்கேயும் தமிழ் விழாக்களில் ஒலிவாங்கி என் கையில்தான் இருக்கும். எனக்கே பேசப் படிப்பிக்கிறாளே என்று சிரித்துவிட்டு, அந்தத் தாளுக்கு மேலே என் கையால் சில வரிகள் சேர்த்தேன். சபைக்கு வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது, கும்பிடாமல் கோயிலுக்குள் போவது மாதிரி அல்லவா?

முதலில் தலைவருக்கு வணக்கம் சொன்னேன். பிறகு உறுப்பினர்களுக்கு, மேசையில் இருந்த பெயர்ப் பலகைகளைப் பார்த்து, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி. பிறகு எனக்கு முன் பேசியவர்களுக்கு. பிறகு எங்களை ஏற்றுக்கொண்ட இந்த நாட்டுக்கும் மக்களுக்கும் அரசருக்கும் நன்றி. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பேச்சு எடுபடுகிறது என்று எண்ணி இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "இனி விடயத்துக்கு வருகிறேன்" என்று தாரணியின் தாளைத் தூக்கியபோது தலைவர் மெல்ல, "தக், நன்றி. நேரம் முடிந்தது, மிச்சத்தை எழுதி அனுப்புங்கள்" என்றார். வெளியே வரும்போது அவரே என் கையைப் பிடித்து, நான் வந்தது நல்லது என்றார். ஒரு பெரிய ஆள் கையைப் பிடித்துச் சொன்னால் காரியம் பாதி முடிந்தது என்பது எங்கள் ஊர் வழக்கம். சுரங்க ரயிலில் ஏற முன்னமே தாரணிக்குப் போன் எடுத்தேன். அவள் வேலையிடத்தில் இருந்தபடியே நேரலையில் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

"அப்பா, நீங்கள் அம்மான்ரை பேரையே சொல்லேல்லை."

"நேரம் காணாமப் போச்சுது, பிள்ளை."

"அரசருக்கு நேரம் இருந்தது."

மிச்சத்தை எழுதி அனுப்பினோம். வாக்கெடுப்பில் சட்டமூலம் தோற்றது. உன்னுடைய மூன்று நிமிடத்தால் ஒன்றும் மாறியிராது என்று ஒஸ்லோவிலேயே அம்மருட்டில் இருக்கும் நண்பர் ஆறுதல் சொன்னார். உண்மையாக இருக்கலாம். எனக்கு நோவது அதுவல்ல. தாரணியின் தாளில் முதல் வரி, "என் மனைவியின் பெயர் வதனி." எத்தனையோ மேடை ஏறியவனுக்கு அந்த ஒரு வரியைச் சொல்லப் பயமாக இருந்தது. சொன்னால் அந்தச் சபையில் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் வணக்கத்தை நீட்டிக்கொண்டே போனேன். மகனைக் கரைத்த அன்று அவள் பக்கத்தில் நான் இல்லை. அவளுக்காகப் பேசவேண்டிய அன்றும் நான் இல்லாதவன் போலத்தான்.

சாம்பலை வைத்திருக்கவும் இங்கே கால எல்லை உண்டு. எந்த இடம் என்று கேட்டுக் கடிதம் வந்தது. படிவத்தை மேசையில் வைத்து நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தாரணிதான் பேனையை எடுத்தாள். "அண்ணாட்டைக் கொண்டு போங்கோ. எனக்கு அம்மா முப்பத்திரண்டு வருசம் இருந்தவ. அவருக்கு ஏழு வருசந்தானே."

அனுமதி எடுத்துக்கொண்டு போய்த் தொண்டைமானாற்றில் இறங்கினேன். ஒரு பிடியை மடியில் வைத்துக்கொண்டு போங்கோ, ஆருக்குத் தெரியப்போகுது என்று கிரியை செய்த ஐயரே சொன்னார். அவளை இந்த நாட்டுக்கு முறைப்படி கூப்பிட ஐந்து வருடம் காத்திருந்தவன் நான். இப்போது களவாகக் கொண்டுவர மனம் வரவில்லை. முழுவதையும் விட்டேன். கலசத்தைக் கடல் தண்ணீரில் அலசி அதையும் ஊற்றினேன்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, தாரணி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எங்கை?"

"இஞ்சைதான். உனக்கும் ஒரு ஆள் வேணுமே."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்களும் அம்மாவும்?"

"முந்தியும் அப்பிடித்தானே, பிள்ளை. அம்மா அங்கை அண்ணாவோடை, நான் இஞ்சை."